டீச்சர், வயிறு வலிக்குது

திங்கட்கிழமை காலை. வருகைப் பதிவேட்டை விரித்துப் பேனா மூடியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், மேசையோரம் ஒரு தலை வந்து நிற்கும். "டீச்சர், வயிறு வலிக்குது." தொப்புளுக்கு நேரே சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும் கை. எங்கேடா வலிக்குது என்றால் "இஞ்ச" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிற பிள்ளையும் உண்டு. ஏழு வயதில் வயிறு என்பது கழுத்துக்குக் கீழே தொடங்கி முட்டிவரை போகிற ஒரு பெரிய ஊர்.

மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கிற ஓர் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் 2006 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற பிள்ளைகளில் பலர் இப்போது போனும் கையுமாக இருக்கிறார்கள், படித்துவிடுவார்கள். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறதே, அதில் கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கிற பக்கம் எங்களுடையது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் புத்தகம் கொடுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுது ஓய்ந்த பிறகுதான் எங்கள் வாய்க்காலில் நுரை தெரியும். அது தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பாடம் ஓடாது. சாயங்காலம் மணி அடித்ததும் எத்தனை பேர் மதகுப் பக்கம் திரும்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நிற்பேன்.

ஒரே மதிலுக்குள் மாதா கோயில், பள்ளி, சிஸ்டர்கள் மடம், ஒரு வேப்பமரம். ஐந்து வகுப்புக்கு மூன்று பேர். எனக்கு இரண்டும் மூன்றும். நான் கத்தோலிக்கர் கிடையாது. எங்கள் வீடு பெரிய தெருவில், மாரியம்மன் கோயிலுக்கு நாலு வீடு தள்ளி. மறைக்கல்வி வகுப்பு நடக்கிறபோது மற்ற பிள்ளைகளை உட்காரவைத்து நன்னெறி எடுப்பது என் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வார்கள். மற்றதெல்லாம் தட்டை எடுக்கக் குனியும். "அருள் நிறைந்த மரியே" என்பதற்கு நடுவில் எவர்சில்வர் தட்டுச் சத்தம் கேட்காத நாளே கிடையாது.

வயிற்று வலிக்கு வருகிறேன்.

சேர்ந்த புதிதில் என்னிடம் இதற்கு ஒரே மருந்துதான். மேசை அறையில் ஓமத் தண்ணீர்ப் பாட்டில். ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு போய் உட்காரும். மறுபடி வந்தால் நடிப்பு. அவ்வளவுதான் என் வைத்தியம். அவ்வப்போது குடற்புழு மாத்திரை கொடுக்கச் சொல்லி வரும். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை, 400 மில்லிகிராம். எங்கள் கண்முன்னாலேயே மென்று முழுங்கவேண்டும். அந்த வாரம் வலி என்று வருகிறவர்களிடம் "மாத்திரை போட்டாச்சுல்ல, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சுலபமாக இருந்தது.

2009-இலோ 2010-இலோ மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல் தினமும் வயிற்று வலி. அது வாய்ப்பாடு நேரம். எட்டாம் வாய்ப்பாடு அவளுக்கு வராது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஓமத் தண்ணீரைக்கூடக் கொடுக்கவில்லை. "எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிட்டு வலிக்கட்டும்" என்றேன், வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் கழித்து ஒரு நாள், எண்ணாறு நாற்பத்தெட்டு வரைக்கும் வந்து நின்றாள். காலடியில் தரை நனைந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியை சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை மடத்துக்கு அழைத்துப் போய்ப் பாவாடை மாற்றி, அங்கேயே ஒரு டம்ளர் பால் கொடுத்து உட்காரவைத்துவிட்டு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் கழிப்பறைக்குப் போனார். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார். "டீச்சர், குனிஞ்சு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க." தகரக் கதவின் கீழ்ப்பாகம் துருப்பிடித்து ஒரு முழத்துக்கு மேல் அரித்துப் போயிருந்தது. நான் குனியவே தேவையிருக்கவில்லை. அவர் உள்ளே பிள்ளை உட்காருகிற மாதிரி குந்தியிருந்தார். வெள்ளை அங்கியின் ஓரம், கணுக்கால், பாதம், எல்லாம் தெரிந்தது. ஐம்பது வயது தாண்டிய சிஸ்டர். "தாழ்ப்பாளும் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே உக்காரணும். இதுல எந்தப் பொம்பளப் புள்ள போவும்?"

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பையன்கள் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்தப் பிள்ளை காலையில் வீட்டில் போவதோடு சரி. தண்ணீரே குடிக்காமல் ஓட்டியிருக்கிறாள். இரண்டு மணிக்கு மேல் முடியாது. வாய்ப்பாட்டுக்கும் வலிக்கும் சம்பந்தமே கிடையாது.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் எங்கள் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். சுவர், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் நிர்வாகத்தின் பாடு. நிர்வாகம் என்றால் பங்குச் சாமியார்தான் தாளாளர். அவரிடம் அப்போது இருந்தது உண்டியலில் விழுகிற சில்லறை. திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட சேவல், வாழைத்தார், முதல் அறுப்பு நெல் இதையெல்லாம் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் ஏலம் எடுக்க நின்றவர்களிடம் சாமியார் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "இந்தச் சேவலுக்குக் கக்கூஸ் கதவு வாங்கப்போறோம், பாத்துக் கேளுங்க." ஊர் சிரித்தது. சேவல் வழக்கத்தைவிட நல்ல விலைக்குப் போனது, எடுத்தவர் மேலத்தெரு இந்துக் குடியானவர். அடுத்த மாதமே இரண்டு பி.வி.சி. கதவும், உள்ளே பிள்ளை உயரத்துக்குத் தாழ்ப்பாளும். தச்சர் வழக்கம்போல் பெரியவர்கள் உயரத்தில் அடித்திருந்தார். சிஸ்டர் நின்று கழற்றிக் கீழே அடிக்கச் சொன்னார்.

போன வருஷம் அந்தப் பெண் தன் அக்கா மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று பின்பக்கம் போனாள். தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாள். நாங்கள் இருவருமே எட்டாம் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

பசி வேறு வகை வலி. அது காலையில் வரும், பிரேயர் வரிசையிலேயே தெரிந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் ஒருத்தராவது உட்கார்ந்துவிடுவார்கள். சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசுகிற ஊர்தான். ஆனால் நடவு நாளில் அம்மா ஐந்து மணிக்குச் சேற்றில் இறங்கியாக வேண்டும். எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள்? சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எவர் முன்னாலும் "சாப்டியா" என்று கேட்கக்கூடாது என்பது. கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. தனியாகக் கூப்பிட்டு "காலையில வீட்டுல என்ன?" என்று கேட்கவேண்டும். "இட்லி" என்று சொன்னால் சாப்பிட்டிருக்கலாம். ஒரு பையன் "இட்லி, தோசை, பொங்கல், வடை" என்றான். அவனை நேராக மடத்து அடுப்படிக்கு அனுப்பினேன்.

என் அலமாரியில் பதிவேடுகளுக்குப் பின்னால் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். மாதம் எவ்வளவு ஆகிறது என்று வீட்டில் கேட்பார்கள், சொல்ல மாட்டேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் எங்களுக்குப் பக்கத்திலேயே திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். ஒரே தெருவில் இருக்கிற இரண்டு வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பொங்கல், இன்னொரு பிள்ளைக்கு டீச்சர் பிஸ்கட். பிள்ளைகளே கேட்டார்கள்: "நம்ம ஸ்கூலு அரசாங்கம் இல்லையா டீச்சர்?" சம்பளம் கொடுக்கிறதே, பிறகென்ன என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடங்கிவைத்த பள்ளி புனித அன்னாள் தொடக்கப் பள்ளி, எங்களைப் போல ஒன்றுதான். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தொடங்கியபோது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போனது. சுய உதவிக் குழு அக்காள்தான் சமைக்கிறார், அவர் மகன் என் வகுப்பில். உப்பு கூடினால் அவனுக்குத்தான் முதல் வெட்கம். அந்த ஜூலையிலிருந்து காலை வயிற்று வலி குறைந்ததை எண்ணி எழுதிவைக்கவில்லை, சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் அக்டோபரில் அலமாரியைத் திறந்தபோது பிஸ்கட் பாக்கெட் நமத்துப்போயிருந்தது.

சிஸ்டரிடம் இன்னொரு சட்டம் உண்டு. ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போகவேண்டும். போன் பண்ணினால் செல்லாது. போனில் எல்லாருக்கும் காய்ச்சல்தான்.

சேர்ந்த வருஷம் என் முதல் மூன்றாம் நாள். சிஸ்டர் டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்ட, நான் பின்னால். வண்டி வாய்க்கால் தாண்டிக் காலனிப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வயது எனக்கு. இதே ஊரில் பிறந்து வளர்ந்து, அந்தத் தெருவுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. வீட்டில் அப்பாயி மட்டும் இருந்தார். சிஸ்டருக்குச் சொம்பில் தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்தார், யார் வீட்டுப் பெண் என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பையனைக் கடைக்கு ஓடவிட்டு ஒரு கலர் பாட்டில் வாங்கிவரச் செய்தார். மூடி திறக்காத பாட்டில். அதை ஏன் வாங்கிவரச் சொன்னார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சிஸ்டர் சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் தண்ணியே போதும் ஆயி" என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இன்றைக்கும் கூசுகிறது.

பிள்ளை ஏன் வரவில்லை என்றால், அம்மாவும் அப்பாவும் ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டார்கள். சொல்லாமல் போயிருக்கிறார்கள், சொன்னால் அழுவான் என்று. "ராவெல்லாம் வயித்த வலிக்குதுன்னு அளுவுறான் டீச்சரம்மா, குடலேத்தமா இருக்குமோன்னு தட்டிப் பாத்தேன்" என்றார் அப்பாயி. பையன் கழுத்தில் முத்துப்பேட்டை தர்காவில் மந்திரித்த தாயத்து, நெற்றியில் விபூதி, வயிற்றில் வேளாங்கண்ணி எண்ணெய் தடவிய பளபளப்பு. மூன்று சாமியும் சேர்ந்து திருப்பூர் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. சிஸ்டர் அவனை எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்தார். வாரத்தில் இரண்டு நாள், பிரேயருக்கு முன்னால், தலைமையாசிரியை அறையில் அந்தப் போன் பேச்சு நடக்கும் என்று அங்கேயே முடிவானது. பின்னால் அந்த வரிசை நீண்டுவிட்டது. இப்போது வீடியோவில் பேசுகிறார்கள். அம்மா பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் பாதி கேட்காது.

மாதா கோயில் மதிலுக்குள் சாதி கிடையாது என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம். தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதற்கு எங்கள் ஊரிலும் கூட்டம் போட்டிருக்கிறார்கள், குரல் உயர்ந்திருக்கிறது. கல்லறையிலும் பக்கம் உண்டு. பள்ளிக்குள் சிஸ்டர் செய்தது சின்னக் காரியம்தான். சாப்பாட்டு வரிசையை உயரப்படி நிற்கவைத்தார், உட்காருவதும் அப்படியே. தெருப்படி நிற்க வழியில்லாமல் போனது. இரண்டு பெற்றோர் பிள்ளையை வேன் வருகிற இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். காரணம் இங்கிலீஷ் என்றுதான் சொன்னார்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 பிள்ளைகள் கூரையில் பற்றிய தீயில் செத்ததை அப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தவள் நான். அதனால்தானோ என்னவோ, சமையல் கூடத்தில் கொஞ்சம் புகை கூடினாலும் தலையை எண்ண ஆரம்பித்துவிடுவேன். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. புகை வந்தாலே "டீச்சர் எண்ணுறாங்க" என்று வரிசையில் நின்றுவிடுவார்கள்.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். அதன் பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஓட்டு வீடும் கூரை வீடும் போனவர்கள் பள்ளியில்தான் தங்கியிருந்தார்கள். என் வகுப்பறையில் ஆறு குடும்பம். வேப்பமரம் பாதியாக ஒடிந்து கிடந்தது, அதில் தொங்கிய தண்டவாளத் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் எங்கள் மணி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒன்பது மணிக்கு சிஸ்டர் அதை எடுத்து அடித்தார். பள்ளி இல்லை, புத்தகம் எல்லாம் நனைந்து உப்பிக்கிடக்கிறது, எதற்கு அடிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது. அகதி மாதிரி படுத்திருந்ததுகள் எழுந்து முகம் கழுவி வரிசையில் நின்றன. அழுக்குச் சட்டைதான், ஒன்று அப்பாவின் லுங்கியைக் கட்டியிருந்தது. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். பிறகு விளையாட விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் முழுக்கக் காற்று கொஞ்சம் ஊளையிட்டாலும் எனக்கு முன்னால் ஏழெட்டு வயிற்று வலி. வெளியூரிலிருந்து நல்ல மனிதர்கள் வந்தார்கள், கிரேயான் கொடுத்து வரையச் சொன்னார்கள். ஒரு பையன் தென்னை மரத்தைப் படுக்கவைத்தே வரைந்தான். வீடு நேராக இருக்கும், ஆள் நேராக இருப்பான், தென்னை மட்டும் தரையோடு. இரண்டு வருஷம் கழித்து நட்ட கன்றைப் பார்த்து வரையச் சொன்னபோதும் படுக்கவைத்தான். நிமிர்த்தி வரை என்று நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது நான் ஏதோ நல்ல டீச்சர் மாதிரித் தெரிகிறது. ஆர்.சி. ஸ்கூல் என்றால் அடி என்று இங்கே ஒரு பெயர் உண்டு, அதற்காகவே சேர்த்தவர்களும் உண்டு. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னிடம் ஒரு மர ஸ்கேல் இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடப்புக்கு வந்து அடிக்கக்கூடாது என்று ஆன பிறகும் சில காலம் அது மேசையில் கிடந்தது. அடிக்க மாட்டேன், மேசையைத் தட்டுவேன், அதுவே போதுமாயிருந்தது. ஒரு நாள் சிஸ்டர் என் வகுப்பின் பழைய குறிப்பு நோட்டைக் கேட்டார். வயிற்று வலி என்று வந்தவர்கள் பெயரை, அவர் எழுதிவைக்கச் சொன்னதால், நான் தேதியோடு எழுதிவைத்த நோட்டு. விரலை வைத்துக்கொண்டே வந்து, "வியாழக்கிழமை நிறைய இருக்கே டீச்சர், வியாழன் என்ன?" என்றார். வியாழன் ஆங்கிலச் சொல்வதெழுதுதல். ஸ்கேல் மறுநாள் என் வீட்டுப் பரணுக்குப் போனது.

கொரோனாவில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1-இல்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் பார்த்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள், பாதிப் பேருக்கு எழுத்தும் மறந்திருந்தது. கோயில் வராந்தாவில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக வந்த பெண் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாட்டும் கதையுமாக அதைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கதை தனியாக எழுதவேண்டியது.

ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்பிருந்தே காவி உடுத்து நடந்து போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டுவார்கள். பிள்ளைகள் மோர் டம்ளரோடு ரோட்டோரம் நிற்பார்கள். கால் கொப்புளித்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் போட்டி. இந்த முறை அந்த வரிசையில் ஒருவன் நிற்கவில்லை. இரண்டாம் வகுப்பு, வாயாடி. ஒரு வாரமாகவே மூன்று மணிக்கு வலி என்கிறான். சாப்பிடுகிறான். கழிப்பறைக்குப் போகிறான். அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரில்தான். சொல்வதெழுதுதல் நாளும் இல்லை. சிஸ்டர் ஓய்வுபெற்று வேறு மடத்துக்குப் போய்விட்டார், போன் போட்டுக் கேட்டேன். "மூணு மணிக்கு அப்புறம் அவன் எங்க போறான் டீச்சர்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஸ்கூட்டியின் பின் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, காலையில் முதல் வேலையாக அடிக்கவேண்டும்.